கோழி இறக்கை, சிலிகான் குழாய், வி.ஆர். இயந்திரம்: நுண்தையல் பழக எது உண்மையில் உதவுகிறது?

மதுரையில் நியூரோசர்ஜனாக இருக்கிறேன். ஆபரேஷன் போக மீதி நேரத்தில் ஜூனியர்களுக்கு மைக்ரோஸ்கோப்பில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். எம்.சிஹெச். என்னும் நியூரோசர்ஜரி மேற்படிப்பில் சேர்ந்த பிள்ளைகள் வருஷா வருஷம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மேடம், பழகறதுக்கு எந்த சிமுலேட்டர் வாங்கலாம்?" ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் போடுவதைவிட, நான் கையால் தொட்டுப் பழகியவற்றை மட்டும் வைத்து ஒரே இடத்தில் விரிவாக எழுதிவிடலாம் என்றுதான் இது. எந்தக் கம்பெனியும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மில்லிமீட்டர் ரத்தக்குழாயைத் தைக்கப் பழகுகிறவருக்கு, பிராய்லர் கடையில் கிடைக்கும் முழுக் கோழி இறக்கையைப் போல ஒரு பயிற்சிக் கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை. காரணம் அதன் விலை மட்டும் கிடையாது. தைத்து முடித்த பிறகு அந்தக் குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்து, உள்ளே உங்கள் ஊசி என்ன செய்திருக்கிறது என்று பார்க்க முடிகிறது. நோயாளியிடம் அதை ஒருநாளும் பார்க்க முடியாது.

இந்தத் தையல் யாருக்கு வேண்டும் என்று துறைக்கு வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். மூளைக்குப் போகும் பெரிய குழாய் அடைபட்டாலோ, அனியூரிசம் என்னும் வீக்கத்தைக் கிளிப் போட்டு அடைக்க வழியில்லாமல் அந்தக் குழாயையே மூட வேண்டி வந்தாலோ, தலைத்தோலுக்குக் கீழே காதுக்கு முன்னால் துடிக்கும் தமனியை எடுத்து மூளையின் மேற்பரப்பில் இருக்கும் தமனியோடு இணைப்பார்கள். மூளை பைபாஸ் என்பது இதுதான். மூளைக்குப் போகும் குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்கி அடைபடும் மோயாமோயா நோய் உள்ள குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இது வாழ்க்கையையே மாற்றக்கூடியது. மூளைப் பக்கம் இருக்கும் தமனி சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலம். அதைத் தற்காலிகமாக அடைத்து, திறந்து, சுற்றிலும் தைத்து, மறுபடி ரத்தத்தை விடும்வரை அந்தப் பகுதி மூளைக்கு அந்தக் குழாய் வழியாக ரத்தம் போகாது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும்.

கிளிப் போடுவது, பைபாஸ் இரண்டுமே இப்போது குறைந்துவிட்டன. 2002-ல் வெளிவந்த ஐசாட் ஆய்வுக்குப் பிறகு, வெடித்த அனியூரிசங்களில் பெரும்பங்கு தொடை வழியே கம்பிச்சுருள் வைக்கும் சிகிச்சைக்குப் போயிற்று. பைபாஸுக்கோ 1985-ல் ஒரு பெரிய ஆய்வும் 2011-ல் காஸ் ஆய்வும், கழுத்துத் தமனி அடைப்பில் இதைச் செய்வதால் மருந்து சிகிச்சையைவிட அதிகப் பலன் இல்லை என்று சொல்லிவிட்டன. நோயாளிகளுக்கு நல்லதுதான், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் மீதி இருப்பவை எல்லாம் மற்ற வழிகள் மூடிப்போன, மிகக் கஷ்டமான கேஸ்கள். என் சார் காலத்தில் எளிதான கேஸில் கை பழகிவிட்டுக் கடினமானதற்குப் போனார்கள். இன்றைக்கு ஒரு ஜூனியருக்கு முதல் கேஸே கடினமான கேஸாக வரலாம். அப்படியானால் கை எங்கே பழகும்? மேசையில்தான் பழக வேண்டும்.

உண்மையில் இந்த ஆபரேஷனே பயிற்சி மேசையில் பிறந்ததுதான். 1960-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து பர்லிங்டனில் ஜூலியஸ் ஜேக்கப்சன் மைக்ரோஸ்கோப்பை வைத்துச் சின்ன ரத்தக்குழாய்களைத் தைத்துக் காட்டினார். அதே ஊரில் நியூரோசர்ஜன் டோனகி ஒரு நுண்ணறுவைக் கூடம் வைத்திருந்தார். 1965-ல் சூரிச்சிலிருந்து யாசர்கில் அங்கே போய், மாதக்கணக்கில் விலங்குகளின் ரத்தக்குழாய்களில் உட்கார்ந்து தைத்தார். ஊர் திரும்பி, 1967 அக்டோபரில் மனிதருக்கு முதல் மூளை பைபாஸைச் செய்தார். எங்கள் துறையின் மிகப் பெரிய கைகளில் ஒன்று, நோயாளியிடம் போகுமுன் அத்தனை காலம் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. "எனக்கு டைம் இல்லை மேடம்" என்று சொல்லும் ஜூனியர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

கோழி இறக்கை

முதல் சிக்கல் கடையிலேயே தொடங்கும். நம் ஊரில் கோழி என்றால் தோலை உரித்து, மூட்டு மூட்டாகத் துண்டு போட்டுத்தான் தருவார்கள். அப்படி வாங்கினால் தமனி இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு வரும். கோழியை வெட்டுமுன்னே சொல்லிவிட வேண்டும்.

"அண்ணே, ரெக்கை மட்டும் தனியா வேணும். தோலை உரிக்காதீங்க, நடு மூட்டுல வெட்டாதீங்க. தோள்பட்டையோட அப்படியே எடுத்துக் குடுங்க."

"தோலோடயாம்மா? சூப்புக்கா?"

"இல்லண்ணே, எங்க பிள்ளைங்க தையல் பழகறதுக்கு."

இப்போது அந்தக் கடைக்காரருக்கு விளக்கவே வேண்டியதில்லை. பெரிய கோழியாக வந்தால் அவரே இறக்கைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, "டாக்டரம்மா, ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்" என்கிறார். நல்ல எடையுள்ள பறவையாகக் கேளுங்கள், குழாய் அகலமாக இருக்கும். நாட்டுக்கோழி வாங்கினால் மஞ்சள் தடவித் தீயில் வாட்டுவதற்கு முன்னால் வாங்குங்கள். வாட்டிய இறக்கையில் தோலும் குழாயும் சுருங்கிப்போயிருக்கும். அன்றைக்கே பயன்படுத்துவது நல்லது. ஃப்ரீஸரில் வைத்து மெதுவாகக் குளிர்விட்டு எடுத்ததிலும் தைக்கலாம்.

இறக்கையின் உள்பக்கம் மேலே தெரியும்படி, தெர்மாகோல் பலகையில் குண்டூசி குத்தி விரித்து வையுங்கள். அக்குளிலிருந்து முழங்கை மூட்டுவரை தோலை மட்டும் கீறினால், இரண்டு தசைகளுக்கு நடுவே ஒரு பள்ளம் தெரியும். பளபளப்பான வெள்ளை நரம்பு, அதன் அருகே கருத்த சிரை, பக்கத்தில் வெளிறிய தமனி. அதைச் சுற்றி நூலாம்படை போல மெல்லிய சவ்வு. இந்தச் சவ்வை ஃபோர்செப்ஸால் ஏந்தி, கத்தரியால் சின்னச் சின்னதாக வெட்டிப் பிரித்துத் தமனியை வெளியே எடுப்பதே அருமையான பாடம். மூளையின் பள்ளங்களில், மூளையைப் போர்த்தியிருக்கும் அராக்னாய்டு என்ற மெல்லிய சவ்வை விலக்கும்போது கை செய்யும் வேலையும் கிட்டத்தட்ட இதுதான். தையலுக்குப் போக அவசரப்பட்டு இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். பாதிப் பயிற்சி அங்கேயே போய்விடுகிறது.

தமனி கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் இருக்கும். மூளையின் மேற்பரப்பில் நாம் தேடும் குழாயின் அளவும் அதுதான். வெட்டியவுடன் இரண்டு சுவரும் ஒட்டிக்கொண்டு வாய் மூடிக்கொள்ளும். உப்புத் தண்ணீரைச் சின்ன சிரிஞ்சால் பீய்ச்சினால் ஒரு கணம் திறந்து மறுபடி மூடும். அந்த ஒரு கணத்தில் எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று கண் பழக வேண்டும். வெட்டு விளிம்பில் கொஞ்சம் நீல மை தொட்டு வைத்தால் ஆரம்பத்தில் உதவியாக இருக்கும்.

வெட்டிய இரு முனைகளை நேருக்கு நேர் இணைக்கும் தையலில் தொடங்குங்கள். எதிரெதிரே முதல் இரண்டு தையல், பிறகு முன்சுவர், பிறகு குழாயைத் திருப்பிப் பின்சுவர். எட்டுத் தையலில் முடியும். அது கைக்கு வந்த பிறகு ஒரு குழாயின் முனையை இன்னொன்றின் பக்கவாட்டில் இணைக்கும் தையலுக்குப் போங்கள். பைபாஸில் நாம் செய்வது அதைத்தான். எந்தத் தையலிலும் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: இடது கை ஃபோர்செப்ஸ் குழாயின் சுவரை முழுசாகக் கவ்வக் கூடாது. மூடிய முனையை உள்ளே லேசாக நுழைத்துச் சுவரைத் தாங்கிக் கொடுத்தால் ஊசி தானாக ஏறும். உள்சுவரைக் கவ்விய இடத்தில், உயிருள்ள மனிதரிடம் ரத்தம் உறையும்.

நூலும் ஊசியும்

10-0 நைலான். விட்டம் 0.02-லிருந்து 0.03 மில்லிமீட்டருக்குள். தலைமுடி இதைவிடப் பருமன். கையுறை போட்ட விரலில் இது இருப்பதே தெரியாது.

மதுரையில் இருப்பதில் ஒரு வசதி, கண் மருத்துவ உலகம் பக்கத்திலேயே இருப்பது. 1992-ல் தொடங்கிய ஆரோலேப் கண்ணுக்கான லென்ஸையும் தையல் நூலையும் இங்கேயே தயாரிக்கிறது. கண் டாக்டர் நண்பர்களிடம் சொல்லி வைத்தால், தேதி முடிந்த 10-0 பாக்கெட்டுகள் பயிற்சிக்குக் கிடைக்கும். ஆனால் ஊசியைப் பார்த்து எடுங்கள். கருவிழிக்கான ஊசி தட்டையாக, இரண்டு ஓரத்திலும் வெட்டும் கூர்மையோடு இருக்கும். அது கருவிழிக்குச் சரி. ரத்தக்குழாயில் அது துளை போடாமல் கீறிவிடும், தைத்த இடமெல்லாம் கசியும். குழாய்க்கு வேண்டியது உருண்டையாகக் கூம்பி வரும் ஊசி. முடிச்சு போடப் பழக எந்த ஊசியும் போதும். குழாயில் பழகும்போது சரியான ஊசிக்குச் செலவு செய்யுங்கள். முழுக் கோழியைவிட ஒரு பாக்கெட் நூல் விலை அதிகமாக வரும் சமயமும் உண்டு, ஆனாலும் அதில் சிக்கனம் வேண்டாம்.

ஃபோர்செப்ஸுக்கு வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர் இடுக்கிகளே போதும். முனைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றனவா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வாங்குங்கள். வளைந்த முனை நூலை விடவே விடாது.

வெட்டித் திறந்து பார்ப்பது

எங்கள் துறையில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு தம்பி. கை நல்ல நிதானம். ஒருநாள் மாலை முனையோடு முனை சேர்த்து ஒரு தையல் போட்டு, வண்ணத் தண்ணீர் விட்டுக் காட்டினான். சொட்டுக்கூடக் கசியவில்லை. தையல்கள் எல்லாம் சம இடைவெளியில், முடிச்சுகள் சதுரமாக, பார்க்கவே அழகாக இருந்தது.

"சூப்பரா இருக்கு. இப்ப திறந்து பாரு தம்பி."

"எதுக்கு மேடம், லீக்கே இல்லையே?"

"அதுக்குத்தான் திறக்கச் சொல்றேன்."

கத்தரியின் ஒரு அலகை உள்ளே விட்டு நீளவாக்கில் வெட்டி, இரண்டு பக்கமும் விரித்தான். உள்ளே, முன்சுவரிலிருந்து வந்த ஒரு நூல் நேராகக் குழாயின் நடுவே குறுக்கே ஓடிப் பின்சுவரைக் கவ்வியிருந்தது. அந்த இடத்தில் இரண்டு சுவரும் ஒட்டிக்கொண்டு, வழி பாதியாகச் சுருங்கியிருந்தது. பக்கத்துத் தையலில் ஒரு விளிம்பு உள்பக்கமாக மடங்கி, உதடு போல நீட்டிக்கொண்டிருந்தது. வெளியே கசியாததால் இது எதுவும் தெரியவில்லை. கண்ணை ஐபீஸிலிருந்து எடுக்காமல் அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எதுவும் பேசாமல் அடுத்த இறக்கையை எடுத்து விரித்தான். அன்றைக்கு நான் சொல்லிக்கொடுக்க வேறு எதுவும் மீதி இருக்கவில்லை.

வெளியிலிருந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாத தவறு இது. ஆபரேஷனில் இது நடந்தால், கிளிப்பை எடுத்தவுடன் குழாய் துடிக்கும், கொஞ்ச நேரத்தில் துடிப்பு மங்கும், ஏன் என்று தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், திறந்து பார்க்காமல் தூக்கிப் போடும் ஒவ்வொரு இறக்கையும் வீண்.

இறக்கையில் இல்லாதவை

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை ஆழம். இறக்கை மேசைமேல் தட்டையாகக் கிடக்கிறது, எந்தக் கோணத்திலிருந்தும் கை போகும். தலையிலோ ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் எல்லாம். இதற்கு வழி, அடிப்பாகத்தை வெட்டிய உயரமான பேப்பர் கப் ஒன்றை இறக்கைமேல் கவிழ்த்து வைத்து, அதற்குள்ளே தைப்பது. உடனே எல்லாமே மாறிவிடும். சாதாரண ஃபோர்செப்ஸ் விளிம்பில் இடிக்கும், நீளமான வளைந்த கருவிகள் தேவைப்படும், மணிக்கட்டைத் தாங்க இடம் தேட வேண்டியிருக்கும், நடுக்கம் இரட்டிப்பாகத் தெரியும். தட்டையாகத் தைப்பதில் தேறியவர்களும் கப்புக்குள்ளே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் மாதமே கப் வைக்க வேண்டாம், ஆனால் அதைத் தொடாமல் பயிற்சியை முடித்துவிடவும் வேண்டாம்.

அடுத்தது ஓட்டம். செத்த குழாயில் ரத்தம் ஓடாது, அழுத்தம் கிடையாது. தமனியின் மேல்முனையில் குழந்தைகளுக்குப் போடும் மஞ்சள் நிறக் கான்யூலாவைச் செருகிச் சில்க் நூலால் கட்டுங்கள். சலைன் பாட்டிலில் கேசரிக்குப் போடும் கலர் பொடியைக் கரைத்து, ஸ்டாண்டில் மாட்டுங்கள். தண்ணீர் மட்டம் தையலுக்கு மேலே 136 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், குழாயில் 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கிடைக்கும். ஆளின் ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். கிளிப்பை எடுத்தவுடன் தையல்களுக்கு நடுவே எங்கே பீய்ச்சுகிறது என்று பார்த்து, அங்கே மட்டும் ஒரு தையல் கூடப் போடுவது ஒரு தனித் திறமை. பதறாமல் அதைச் செய்யக் கற்க இந்த பாட்டில் போதும். துடிப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரைப் பையை அமுக்கி அமுக்கி விடச் சொல்லலாம்.

ரத்தம் உறைவதை இதில் கற்க முடியாது. அதற்கு உயிருள்ள எலியின் தொடைத் தமனிதான் வேண்டும். அதற்கு முறையான கூடமும் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். இறக்கையில் நன்றாகத் தேறாதவர்கள் எலியைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு உயிரை வீணாக்கக் கூடாது.

சிலிகான் குழாய்

சுத்தமானது, நாற்றம் இல்லை, மேசை டிராயரில் கிடக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். சைவ வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் ராத்திரி தங்கள் அறையில் பழக இதுதான் வழி, அவர்களை நான் இறக்கைக்கு வற்புறுத்துவதில்லை. ஊசியைச் சரியான கோணத்தில் பிடிக்க, நூலை இழுத்து வால் நீளம் சரியாக விட, முடிச்சு போட எல்லாம் இது தாராளமாகப் போதும். ஆனால் வெட்டிய வாய் எப்போதும் திறந்தே இருக்கும். பின்சுவரைப் பிடித்துவிடுவோமோ என்ற பயமே வராது. சவ்வு இல்லை, விளிம்பு மடங்காது. முதல் சில வாரங்களுக்கு நல்ல துணை, அதற்கு மேல் அதிலேயே நின்றுவிட்டால் பொய்யான தைரியம் வந்துவிடும். பி.வி.ஏ. ஹைட்ரோஜெல் என்னும், தண்ணீர் ஊறிய ஈரமான ஜெல்லில் செய்த குழாய்கள் இதைவிட நிஜத்துக்கு நெருக்கமாக இருக்கின்றன, கையில் கிடைத்தால் விடாதீர்கள்.

மைக்ரோஸ்கோப்பா, மொபைலா?

மொபைலை ஸ்டாண்டில் மாட்டி, ஜூம் வைத்து, திரையைப் பார்த்துத் தைக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஆனால் கை அசைந்து ஒரு நொடித் துண்டு கழித்துத்தான் திரையில் தெரியும். இன்னும் பெரிய குறை, ஒற்றைக் கேமராவில் முன்பின் ஆழம் தெரியாது. ஊசி முனை குழாய்க்கு மேலே நிற்கிறதா, தொட்டுவிட்டதா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். அந்த ஊகம் பழக்கமாகிவிடும் என்பதுதான் என் கவலை. இரண்டு கண்ணாலும் பார்க்கும் எந்தப் பழைய மைக்ரோஸ்கோப்பும் இதைவிடப் பலமடங்கு நல்லது. பல மருத்துவக் கல்லூரிகளில், கண் அல்லது காது மூக்கு தொண்டை துறையில் ஓரங்கட்டிய ஒரு மைக்ரோஸ்கோப் துணி போர்த்தி நிற்கும். தேடிப் பாருங்கள்.

வி.ஆர். இயந்திரம்

கணினி உருவாக்கும் மெய்நிகர் காட்சியில் ஆபரேஷன் பழக்கும் இந்த இயந்திரத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளோடு சேர்ந்து நியூரோடச் என்ற இயந்திரத்தை உருவாக்கியது. பின்னாளில் அது நியூரோ வி.ஆர். என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. திரையில் மூளை, கையில் இரண்டு கைப்பிடிகள். கட்டியைத் தொட்டால் கையில் எதிர்ப்பு தெரியும், நல்ல மூளைத் திசு வேறு மாதிரி தெரியும். 2009-ல் ஹாலிஃபாக்ஸில் ஒரு நோயாளியின் ஸ்கேனையே இதில் ஏற்றி, கட்டியை முதலில் திரையில் எடுத்துப் பழகிவிட்டு, பிறகு அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் இன்றும் முன்னால் நிற்கிறது. அந்த ஊருக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நியூரோசர்ஜரி துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர். மெக்கில்லில் 70 மருத்துவ மாணவர்களை வைத்துச் செய்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை நுண்ணறிவு ஆசானிடம் கற்றவர்கள், தொலைவிலிருந்து நிபுணர் சொல்லிக்கொடுத்தவர்களைவிட அந்தத் திரை ஆபரேஷனில் நன்றாகச் செய்தார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதே குழு தரவைத் திரும்ப ஆராய்ந்து, இயந்திரம் எதை வலியுறுத்தியதோ அதில் மாணவர்கள் பத்திரமாகச் செய்தார்கள், ஆனால் கை அசைவிலும் செயல்திறனிலும் சில அளவுகள் பின்தங்கின என்றும் வெளியிட்டது. இந்த நேர்மைக்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம்.

நான் பழகிப் பார்த்தது வேறொரு தயாரிப்பு, ஒரு மாநாட்டு அரங்கில். பெயர் வேண்டாம். கட்டியை உறிஞ்சி எடுக்கும் பகுதி நன்றாக இருந்தது. எவ்வளவு அழுத்தினேன், எவ்வளவு நல்ல திசுவை எடுத்துவிட்டேன் என்று எண்களாகக் காட்டியது. எந்த ஆசானாலும் கண்ணால் பார்த்து இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியாது. இடது கை எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்பதைக்கூடச் சொன்னது. ஒரு கையாலேயே எல்லாம் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மிகப் பெரிய உதவி. ரத்தக்கசிவு வந்தபோதுதான் ஏமாற்றம். பைபோலாரால், அதாவது மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் இடுக்கியால், தொட்ட இடத்திலெல்லாம் ரத்தம் சொன்னபடி கேட்டு நின்றது. நிஜத்தில் பைபோலார் முனையில் கரி ஒட்டும், எடுக்கும்போது உறைந்த இடம் பிய்ந்து மறுபடி கசியும், தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தொல்லைகள் இல்லாத பயிற்சி, பயிற்சியின் பாதியைத் தவறவிடுகிறது. அரங்கில் நின்றிருந்த இளைஞரிடம் சொன்னேன், அவர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார்.

கட்டி ஆபரேஷன் பழக, அதுவும் நிறையப் பேர் படிக்கும் பெரிய நிறுவனத்துக்கு இது வாங்கத் தகுந்ததுதான். 10-0 தையலுக்கு என்று யாராவது இதை வாங்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மைக்ரான் அளவில் நூல் சுவரை ஊடுருவும் உணர்வைத் தரும் கைப்பிடியை நான் இதுவரை தொட்டதில்லை.

வேறு சில

மகப்பேறு துறையிலிருந்து, தாயின் சம்மதத்தோடும் தொற்றுப் பரிசோதனை முடித்தும் கிடைக்கும் நஞ்சுக்கொடி அருமையான பொருள். பல அகலங்களில் கிளை பிரியும் நிஜ மனிதக் குழாய்கள், ஓரத்தில் சவ்வு. பிரேசிலின் பெலோ ஒரிசோன்டேயில் இதில் செயற்கையாக அனியூரிசம் உண்டாக்கிக் கிளிப் போடப் பழக்குகிறார்கள். அனுமதி வாங்கும் வேலை அதிகம், ஆனால் பெரிய துறைகள் செய்ய வேண்டியது.

எலும்பு துளைக்கும் டிரில் பழக பச்சை முட்டை. வைர முனை பர்ரை (டிரில்லில் சுழலும் அரைக்கும் முனை) வைத்து, முட்டையின் வெளி ஓடு மட்டும் போகும்படி அரைத்து, உள்சவ்வு கிழியாமல் நிறுத்த வேண்டும். சவ்வு கிழிந்தால் வெள்ளைக்கரு உடனே வெளியே வந்து சொல்லிவிடும். தண்ணீர் விட்டுக்கொண்டே அரையுங்கள்.

கட்டணப் பயிற்சி முகாம்களுக்குப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி: ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு எத்தனை பேர்? இரண்டுக்கு மேல் என்றால் யோசியுங்கள். நான் போன முகாம்களில் ஒன்றில் மேடைப் பேச்சுகளே பகல் முழுவதையும் விழுங்கின, ஐபீஸில் கண் வைக்க வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. சான்றிதழ் கிடைத்தது, கை பழகவில்லை. இன்னொன்றில் பேச்சே இல்லை, ஆளுக்கொரு மேசை, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மூத்தவர் என் வலது முழங்கையை மெதுவாகக் கீழே அழுத்தி மேசையில் பதிய வைத்தார். அந்த ஒரு தொடுதலில் நடுக்கம் பாதி நின்றது. முகாமிலிருந்து எடுத்துக்கொண்டு வர வேண்டியது இந்த மாதிரித் திருத்தங்களைத்தான். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் பழகுவது உங்கள் துறை மேசையில்தான் நடக்கும்.

மேசை போடுகிறவர்களுக்குச் சில நடைமுறைகள். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், முடிந்தவுடன் மேசையைக் கிருமிநாசினி போட்டுத் துடையுங்கள். மருத்துவமனைக் கழிவில் எந்த நிறப் பையில் போட வேண்டும் என்று தொற்றுக்கட்டுப்பாட்டுக் குழுவிடம் முன்பே கேட்டு வையுங்கள். ஊசிகளை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள், கண்ணுக்குத் தெரியாத ஊசி தரையில் விழுந்தால் துப்புரவு செய்யும் அம்மாவின் விரலில்தான் ஏறும். பயிற்சிக்கான கருவிகளில் சிவப்பு டேப் சுற்றித் தனிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். அவை எந்தக் காரணத்துக்காகவும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகக்கூடாது. பெட்டியின் சாவி சீனியர் ரெசிடென்டிடம் இருக்கிறது. கேட்டால் எந்த நேரத்திலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.